குப்பைத் தொழிலில் இறங்குமுன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திடக்கழிவு மேலாண்மையில் பொறுப்பும் வேலையும் ஒரே கையில் இருப்பதில்லை. தெருவைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமையைப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் தலையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் வீடுவீடாகச் சென்று வாங்குவது, தரம் பிரிப்பது, சிப்பம் கட்டுவது, அரைத்தும் உருக்கியும் மீண்டும் மூலப்பொருளாக்குவது, எஞ்சியதைக் குப்பைக் கிடங்கில் சேர்ப்பது ஆகிய ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தின் பேரிலோ சொந்த வியாபாரமாகவோ தனியார் எடுத்துச் செய்கிறார்கள்.

உலக வங்கி 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, 2016ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சேர்ந்த நகர்ப்புறக் கழிவு ஏறத்தாழ 201 கோடி டன். 2050இல் அது 340 கோடி டன்னாகும் என்றும், இப்போதே மூன்றில் ஒரு பங்காவது முறையாகக் கையாளப்படாமல் போகிறது என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. இந்த எண்களைப் படித்துவிட்டு, மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லாத தொழில் இது என்ற நம்பிக்கையோடு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதில்லை. குப்பை எங்கும் கிடைக்கிறது. அதைச் சொன்ன தரத்தில், சொன்ன விலைக்கு, மாதந்தோறும் வாங்குகிறவர்தான் அரிதாகக் கிடைக்கிறார். அதனால் இந்த வழிகாட்டியில் படிகள் வழக்கமான வரிசையில் வாரா. வாங்குபவரின் வாசலில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி நடக்கப் போகிறோம்.

எந்தப் பையிலிருந்து வருமானம்

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் வருமானம் எங்கிருந்து வரும் என்று எழுதிப் பாருங்கள். கழிவுத் தொழிலில் பணம் இரண்டு பைகளிலிருந்து வருகிறது. ஒன்று சேவைக் கட்டணம்: குப்பையை எடுத்துச் செல்வதற்காக வீட்டுக்காரரோ நிறுவனமோ உள்ளாட்சியோ தருவது. மற்றது விற்பனை: பிரித்த பொருளுக்கு ஆலை தருவது. சேகரிக்கும் நிறுவனம் முதற்பையை நம்பி வாழ்கிறது. காகிதமும் உலோகமும் வாங்கி விற்பவர் இரண்டாவதை நம்பி வாழ்கிறார். இரண்டையும் கலந்து செய்பவர்கள்தான் அதிகம், குழம்புகிறவர்களும் அவர்களே. உரம் தயாரிப்பதை விற்பனைத் தொழில் என்று நினைத்துத் தொடங்கி, உண்மையில் ஈரக் கழிவைப் பெற்றுக்கொள்வதற்கான கட்டணம் இல்லாமல் அது நிற்காது என்பதைப் பின்னால் கண்டுகொள்வது இதற்கு வழக்கமான உதாரணம்.

கட்டணத்தை நம்புகிறவர் அதைக் கொடுப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். அதே உலக வங்கி அறிக்கையின்படி, குறைந்த வருவாய் உள்ள நாடுகளில் உள்ளாட்சிகளின் மொத்தச் செலவில் சராசரியாக 20 விழுக்காடு கழிவுக்கே போகிறது. செல்வந்த நாடுகளில் அது 4 விழுக்காடுதான். முன்னதில் உங்கள் கட்டணப் பட்டியல் தாமதமாகத்தான் பணமாகும். வண்டி எரிபொருளும் கூலியும் காத்திருக்கமாட்டா. ஆகவே, கட்டணம் வராமல் சில மாதங்கள் ஓட்டுவதற்கான நடைமுறை மூலதனம் கையில் இல்லாமல் உள்ளாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

எந்தக் கண்ணியில் நிற்பது

சேகரிப்பு, தரம் பிரிப்பு, மொத்தமாகத் திரட்டி ஆலைக்கு அனுப்புதல், பதப்படுத்தல், ஈரக் கழிவை உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றுதல், இறுதி அப்புறப்படுத்தல் என்று சங்கிலியில் பல கண்ணிகள் உள்ளன. புதியவர் ஒரு கண்ணியில் மட்டும் நிற்பது நல்லது. என் கருத்தில், அலுவலகங்கள், விடுதிகள், தொழிற்கூடங்கள் போன்ற மொத்தக் கழிவு தருவோரிடமிருந்து உலர் கழிவை வாங்கிப் பிரிப்பதுதான் தொடக்கத்துக்கு ஏற்றது. கொடுப்பவர் எண்ணிக்கை குறைவு. பேசித் திருத்த முடியும். வண்டியும் குறைவாக ஓடும். எரியூட்டி மின்சாரம் எடுக்கும் ஆலையைப் பற்றிய கனவைப் பத்தாண்டுகளுக்கு ஒத்திவைக்கலாம்.

வாங்குபவரின் வாசலில்

இடம் பார்ப்பதற்கும் இயந்திரம் வாங்குவதற்கும் முன்பே, நீங்கள் விற்க நினைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இரண்டு வாங்குபவர்களை நேரில் சென்று பாருங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் விலையை அவர்தான் சொல்வார். அவர்களிடம் எந்தத் தரம் வேண்டும், சிப்பமாகவா செதிலாகவா உதிரியாகவா, குறைந்தபட்சச் சுமை எவ்வளவு, ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், எது கலந்தால் சுமையையே திருப்பி அனுப்புவார்கள், சரக்கு இறங்கி எத்தனை நாளில் பணம் வரும் என்பவற்றைக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பி அனுப்புவது எப்படி நடக்கும் என்பதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். தொடங்கிய புதிதில் ஒரு லாரி நிறைய அட்டைச் சிப்பங்களை ஆலைக்கு அனுப்பினோம். வாசலில் நின்றவர் சிப்பத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நீண்ட ஊசி போன்ற முனையுள்ள ஈரமானியைச் சிப்பத்தின் நடுவில் குத்தினார். வெளியே சுள்ளென்று காய்ந்திருந்த அட்டை, உள்ளே 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் காட்டியது. முந்தைய வாரம் ஓர் இரவு மட்டும் கூரையில்லாத இடத்தில் கிடந்த பெட்டிகளை, மேலே காய்ந்ததும் அப்படியே அழுத்திக் கட்டியிருந்தோம். பெரும்பாலான ஆலைகள் 10 முதல் 12 விழுக்காடு ஈரப்பதம் வரைதான் ஏற்கும். போக வர இரண்டு வாடகையும் எங்கள் கணக்கில் ஏறியது. அதன்பின் நாங்கள் முதலில் போட்டது கூரைதான். சிப்பம் கட்டும் இயந்திரம் அதற்குப் பிறகு வந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு பகைவன் உண்டு. காகிதத்துக்கு ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும். கண்ணாடிக்குப் பீங்கானும் வெப்பம் தாங்கும் சமையல் கண்ணாடியும். சாதாரணக் கண்ணாடி உருகும் வெப்பத்தில் இவை உருகாமல் துணுக்குகளாக நின்று, புதிய பாட்டிலில் பலவீனமான புள்ளிகளாகிவிடும். குடிநீர்ப் பாட்டில் செய்யும் பெட் என்ற பிளாஸ்டிக்குக்கு, பிவிசி என்ற இன்னொரு பிளாஸ்டிக். பெட்டை உருக்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமில வாயுவை வெளியிடுவதால், கலப்பு மிகச் சிறிய அளவில் இருந்தாலும் முழுத் தொகுதியும் மஞ்சளாகி வலிமை இழக்கும். அலுமினியத்துக்குப் பெரிய பகைவர் இல்லை என்றே சொல்லலாம். தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் பழைய அலுமினியத்தை உருக்குவதற்குச் சுமார் 5 விழுக்காடு ஆற்றலே போதும் என்பதால் அதற்கு எப்போதும் கேட்பார் உண்டு. அதனாலேயே அது உங்கள் களத்துக்கு வருவதற்கு முன்பே வேறு கைகளுக்குப் போய்விடும்!

தார்ப்பாயில் ஒரு வாரம்

வாங்குபவர் யார் என்பது தெரிந்தபின், அவருக்கு வேண்டியது நீங்கள் எடுக்கப்போகும் குப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். உலகச் சராசரியில் உணவும் தோட்டக் கழிவும் 44 விழுக்காடு, காகிதமும் அட்டையும் 17, பிளாஸ்டிக் 12, கண்ணாடி 5, உலோகம் 4 என்ற அளவில் இருக்கின்றன. ஆனால் சராசரியை வைத்து வியாபாரத் திட்டம் போடக் கூடாது. செல்வந்த நாடுகளில் ஈரக் கழிவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், வருவாய் குறைந்த நாடுகளில் பாதிக்கு மேலாகவும் இருக்கிறது. ஒரே நகரத்திலும் ஒரு தெருவின் குப்பை அடுத்த தெருவின் குப்பையைப் போல இராது.

அளக்கும் முறை எளிது. ஏழு நாள் தொடர்ந்து, விடுமுறை நாளும் சேரும்படி, ஒரே வழித்தடத்தின் சுமையை ஒரு பெரிய தார்ப்பாயில் கொட்டச் சொல்லுங்கள். மண்வெட்டியால் நன்றாகக் கிளறி ஒரே குவியலாக்கி, அதை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளை அப்புறப்படுத்துங்கள். மீதியைத் திரும்பக் கலந்து, திரும்ப நான்காக்கிப் பாதியை நீக்குங்கள். சுமார் 100 கிலோ எஞ்சும்வரை இப்படிச் செய்தபின், அந்த நூறு கிலோவைத் தடித்த கையுறையோடு கையால் பிரித்து, வாளி வாளியாக எடைபோட்டு எழுதுங்கள். பிரிக்கும்போது பிளாஸ்டிக் என்று ஒரே வாளி வைக்காமல், வாங்குபவர் சொன்ன தரவரிசைப்படியே வாளிகளை வைக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ‘பிளாஸ்டிக் 12 கிலோ’ என்பது பயனற்ற தகவல். அதில் தெளிந்த பெட் எவ்வளவு, வண்ணப் பெட் எவ்வளவு, பல அடுக்கு உறை எவ்வளவு என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

முதல் நாள் மணம் தாங்காமல் பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு. முதலாளியாக இருக்கப் போகிறவர் அந்த ஏழு நாளும் தார்ப்பாயருகே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை காணப்படும் எண் 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினரின் சங்கம் கொண்டுவந்தது. அது பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கிறதே தவிர, அந்தப் பொருளை மறுசுழற்சி செய்ய முடியும் என்பதற்கான உறுதிமொழியாகாது. 1 என்பது பெட், 2 என்பது எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்), 3 பிவிசி, 4 எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), 5 பிபி (பாலிப்ரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரின். மற்ற எல்லாம் 7. உடைந்து, நசுங்கி, எண் அழிந்து வரும் பொருள்களே களத்தில் அதிகம் என்பதால், வேறு அடையாளங்களையும் கற்க வேண்டும்.

ஒரு வாளி தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடிநீர்ப் பாட்டிலின் உடலிலிருந்து விரல்நகமளவு துண்டு ஒன்றும், அதன் மூடியிலிருந்து அதே அளவு துண்டு ஒன்றும் வெட்டி நீரில் போடுங்கள். இரண்டுமே முதலில் மிதப்பதுபோலத் தெரியலாம். மெல்லிய துண்டை நீர்ப்பரப்பே தாங்கி நிற்கும். ஒரு சொட்டுச் சோப்பை விட்டு, துண்டுகளை விரலால் அமிழ்த்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தேய்த்து விடுங்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, அது வாளியின் அடிக்குப் போய்விடும். மூடி பெரும்பாலும் பிபி அல்லது எச்டிபிஇ. அவற்றின் அடர்த்தி 0.90இலிருந்து 0.97க்குள் இருப்பதால் அது மேலே வந்துவிடும். பெரிய ஆலைகளின் கழுவு தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. மூடியை ஒவ்வொன்றாகத் திருகி எடுக்காமல் பாட்டிலோடு சேர்த்து அரைத்துவிட்டு, தொட்டியில் மிதப்பதை வாரியெடுக்கிறார்கள். ஆனால் பிவிசியும் பெட்டைப் போலவே மூழ்கும். ஆகவே அதை வாளி காட்டிக்கொடுக்காது; கண்தான் பிடிக்க வேண்டும். பெட் பாட்டிலின் அடிப்புறத்தில் நடுவே ஒரு சிறு புள்ளித் தழும்பு இருக்கும். பிவிசி பாட்டிலின் அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடும். மடித்தால் மடிப்பு வெண்மையாகும்.

எரித்து, புகையை முகர்ந்து வகை சொல்லும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். பிவிசி எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைப் புண்ணாக்கும்.

பளபளக்கும் தின்பண்ட உறை அலுமினியத் தகடா, உலோகப் பூச்சு ஏறிய பிளாஸ்டிக்கா என்று அறிய, கையில் கசக்கி விடுங்கள். தகடு கசங்கியபடியே இருக்கும். பிளாஸ்டிக் மெல்ல விரியும். தகரக் குவளையில் காந்தம் ஒட்டும், அலுமினியக் குவளையில் ஒட்டாது. இந்த மூன்றையும் ஒரு தொழிலாளி அரை நாளில் கற்றுவிடலாம். கண்ணாலேயே பிரிக்கும் வேகம் வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். அப்படிக் கற்றவரைக் கூலி குறைத்து இழப்பவர்கள், புதிய ஆளைப் பழக்கும் மாதங்களில் திரும்பி வரும் சுமைகளுக்குத் தாமே வாடகை கட்டுகிறார்கள்.

கண்ணும் கையும் போதாத அளவுக்குச் சரக்கு பெருகும்போதுதான் கன்வேயர் பட்டை, சுழல் சல்லடை, இரும்பு பிடிக்கும் காந்தம், அலுமினியத்தைத் தள்ளிவிடும் சுழல் மின்னோட்டப் பிரிப்பான் ஆகியவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். விதிவிலக்கு சிப்பம் கட்டும் இயந்திரம். நசுக்காத பாட்டில்கள் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோவைக்கூட எட்டா. அப்படியே ஏற்றினால் நீங்கள் காற்றுக்கு வாடகை கொடுக்கிறீர்கள்.

ஈரக் கழிவு வேண்டுமென்றால்

அளவில் பெரிதும் விலையில் சிறிதுமானது இது. நுணுக்கம் மூன்றே: கரிமமும் தழைச்சத்தும் எடையில் ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், ஈரம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், காற்று உள்ளே போக வேண்டும். காய்கறிக் கழிவோடு காய்ந்த சருகையோ மரத்தூளையோ கலப்பது முதல் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்கிறது. குவியலின் உட்புறத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். இரண்டொரு சொட்டு விழுந்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் காற்றில்லை என்பதன் அறிகுறி. மூக்கை எரிக்கும் அம்மோனியா நெடி தழைச்சத்து மிகுதியின் அறிகுறி. திறந்தவெளி நீள்குவியலாக இருந்தால், உட்புற வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் 15 நாள் நிற்க, அதற்குள் ஐந்து முறையாவது கிளறினால், நோய்க்கிருமிகள் பெருமளவு அழியும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி.

கலந்த குப்பையை வாங்கிப் பின்னால் சல்லடையில் சலித்து உரமாக்கலாம் என்ற யோசனையைத் தொடக்கத்திலேயே கைவிடுங்கள். கண்ணாடித் துணுக்கும் பேட்டரித் துகளும் கலந்த உரத்தை உழவர் ஒருமுறை வாங்குவார், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை எடைமேடையிலிருந்து படியுங்கள்

உள்ளாட்சியோடு ஒப்பந்தம் செய்கிறவர், விதிகளைப் படிக்குமுன் பணம் எதற்குத் தரப்படுகிறது என்ற ஒரே வரியைத் தேடிப் படிக்க வேண்டும். நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த வரியே தீர்மானிக்கிறது. கிடங்கில் கொட்டும் டன்னுக்குப் பணம் என்றால், எடையைக் கூட்டும் எதுவும் இலாபமாகிறது. ஈரம் வடியாத குப்பையும், தெருமண்ணும், கட்டட இடிபாடும் வண்டியில் ஏறத் தொடங்கும். மறுசுழற்சிக்காக வெளியே எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் நிறுவனத்துக்கு நட்டமாகிவிடும். நல்ல மனிதர்கள் நடத்தும் நிறுவனமும் இந்த இழுப்பிலிருந்து நெடுநாள் தப்ப முடியாது. ஆகவே, இத்தனை வீட்டிலிருந்து பிரித்த கழிவை நாள்தோறும் எடுத்தால் இவ்வளவு, விற்று இரசீது காட்டிய டன்னுக்கு இவ்வளவு, கிடங்குக்குப் போகும் டன்னுக்கு மிகக் குறைவு என்று கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள்.

ஒப்பந்தக் காலமும் இயந்திரத்தின் ஆயுளும் பொருந்த வேண்டும். ஏழெட்டு ஆண்டு உழைக்கும் வண்டியை இரண்டாண்டு ஒப்பந்தத்துக்காகப் புதிதாக வாங்கினால் கடன் மட்டும் மிஞ்சும். எரிபொருள் விலையும் சட்டக் கூலியும் ஏறும்போது கட்டணமும் ஏறுவதற்கான சூத்திரம், பணம் தாமதமானால் வட்டி, பிரித்தெடுக்கும் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற தெளிவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியது சிறு விஷயமாகத் தோன்றும். வண்டியில் வருபவர்களே வழியில் அட்டையையும் உலோகத்தையும் எடுத்து விற்றுவிட, களத்துக்குச் சக்கை மட்டும் வந்து சேரும்போதுதான் அதன் எடை தெரியும்.

நாளொன்றுக்கு இத்தனை டன் கட்டாயம் தருவதாக உள்ளாட்சி உறுதியளிக்கும் விதியை முதலீட்டாளர்கள் விரும்புவார்கள். எரியூட்டும் ஆலைகளில் அது வழக்கம். அதே ஊரில் மறுசுழற்சி செய்ய வருபவர் அந்த விதியைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீங்கள் மீட்கும் ஒவ்வொரு டன் காகிதமும் அந்த ஆலைக்கு உள்ளாட்சி கடன்பட்ட ஒரு டன்னாக எண்ணப்படும்.

முன்பே அங்கிருப்பவர்கள்

நீங்கள் இறங்கும் எந்த ஊரிலும் மறுசுழற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். கழிவு சேகரிப்போரும் தள்ளுவண்டிக்காரர்களும் பழைய பொருள் வாங்குவோரும் செய்வதும் தனியார் தொழில்தான், பெயர்ப்பலகை மட்டும் இராது. எகிப்தின் கெய்ரோவில் சபாலீன் எனப்படும் சமூகத்தினர் பல பத்தாண்டுகளாக வீட்டு வாசலுக்கே சென்று குப்பையெடுத்து, அதில் 80 விழுக்காடு வரை மறுசுழற்சி செய்துவந்தார்கள். 2003ஐ ஒட்டி நகர நிர்வாகம் பன்னாட்டு நிறுவனங்களோடு 15 ஆண்டு ஒப்பந்தங்கள் செய்தது. அந்த நிறுவனங்கள் மறுசுழற்சி செய்ய வேண்டிய அளவு 20 விழுக்காடு மட்டுமே. வாசலுக்கு வந்து எடுப்பவருக்குப் பழகிய குடும்பங்கள், தெருமுனைத் தொட்டிவரை நடக்க விரும்பவில்லை. குறுகிய சந்துகளில் பெரிய வண்டிகளும் நுழையவில்லை. கடைசியில் சபாலீன்களின் உழைப்பையே நகரம் திரும்ப நாடியது.

மாறாக, இந்தியாவின் புணே நகரில் கழிவு சேகரிப்போரின் தொழிற்சங்கத்திலிருந்து உருவான ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு, 2008இல் மாநகராட்சியோடு உடன்பாடு செய்துகொண்டு, வீடுகளிடமிருந்து கட்டணம் வாங்கிச் சேகரிக்கிறது. பிரித்த உலர் பொருளை விற்கும் உரிமையும் அதைச் சேகரித்தவருக்கே. கொலம்பியாவின் பொகோட்டாவில், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொடர்ந்து, சேகரிப்போர் மீட்கும் பொருளின் எடைக்கு ஏற்ப நகரமே 2013இல் பணம் தரத் தொடங்கியது. புதிய நிறுவனத்துக்கு இதிலிருந்து செய்ய வேண்டிய வேலை தெளிவு: அப்பகுதியில் யார் எதை எடுக்கிறார்கள் என்று முதல் மாதத்தில் பேசி அறிந்து, அவர்களைப் பணியாளராகவோ, நிலையான விலைக்கு உங்களிடம் விற்பவராகவோ சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கைகளுக்குத் தெரிந்த தரப் பிரிப்பை உங்களால் பயிற்சி வகுப்பில் உருவாக்க முடியாது.

களம்

சரக்கு ஒரு வாசலில் வந்து மறு வாசலில் போக வேண்டும். குறுக்கே போனால் பிரித்ததும் பிரிக்காததும் கலக்கும். தரை சிமெண்டாக இருக்கட்டும், கசிவுநீர் தனி வாய்க்காலில் போகட்டும். தீயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லித்தியம் அயனி பேட்டரிகள் இன்று கைபேசியில் மட்டுமல்ல, பொம்மையிலும் பல்துலக்கியிலும் காது ஒலிக்கருவியிலும் உள்ளன. சிப்பம் அழுத்தும் இயந்திரத்திலோ வண்டியின் அழுத்தப் பலகையிலோ ஒன்று நசுங்கினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அருகிலிருப்பது காய்ந்த அட்டை. பேட்டரிக்கென்று பிரிக்கும் மேசையிலேயே மணல் நிரப்பிய உலோக வாளி ஒன்றை வைத்து, குவியல்களுக்கு நடுவே வண்டி போகும் அகல இடைவெளி விட்டு, இரவில் குவியலில் கை வைத்துச் சூடு பார்க்கும் பழக்கத்தைக் காவலருக்கு ஏற்படுத்துங்கள்.

தொழிலாளர்களுக்கு இரணஜன்னித் தடுப்பூசியும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் போடாமல் மேசையில் நிறுத்தக் கூடாது. ஊசி குத்தினால் ஒளிக்காமல் உடனே சொல்லும் சூழல் வேண்டும். சிக்கிய அட்டையை எடுக்கச் சிப்ப இயந்திரத்துக்குள் ஒருவர் இறங்குமுன், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சாவியை இறங்குபவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலை விழும் நாளுக்கு

உலகச் சந்தையில் பழைய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மிக அதிகமாக வாங்கிக்கொண்டிருந்த சீனா, 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியை 2018 தொடக்கத்தில் தடுத்து, அனுமதித்த பல வகைகளுக்கும் கலப்பு வரம்பை 0.5 விழுக்காடாக்கியது. கலந்த காகிதத்தை மட்டும் நம்பியிருந்த பிரிப்புக் கூடங்கள் பல நாடுகளில் சில மாதங்களுக்குள் பொருளை விற்கும் நிலையிலிருந்து, எடுத்துப்போகப் பணம் கொடுக்கும் நிலைக்கு வந்தன. சுத்தமான தனித்தரச் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு அடி குறைவு. அடுத்து, அபாயக் கழிவுகள் பற்றிய 1989ஆம் ஆண்டின் ‘பேசல்’ என்னும் பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்த்த திருத்தம் 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபின், கலந்த அழுக்குப் பிளாஸ்டிக்கை வேறு நாட்டுக்கு அனுப்ப, பெறும் நாட்டின் முன் இசைவு தேவையாயிற்று. ஏற்றுமதியை நம்பித் திட்டம் போடுகிறவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

விலைச் சரிவைத் தாங்கும் மூன்றாவது பை ஒன்றும் உருவாகியிருக்கிறது. பொருளை உற்பத்தி செய்தவரே அது கழிவாகும்போது ஆகும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற உற்பத்தியாளர் பொறுப்பு நெறியைச் சுவீடனின் தாமஸ் லிண்ட்கிவிஸ்ட் 1990இல் வரையறுத்தார். 1991இல் செர்மனி, பொருள்களைப் பொதியும் உறை, பெட்டி போன்றவற்றுக்கு அதைச் சட்டமாக்கியது. இன்று பல நாடுகளில் இத்தகைய சட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் நீங்கள் மீட்ட ஒவ்வொரு டன்னுக்கும், பொருளின் விலைக்கு மேலாக, உற்பத்தியாளர் தரப்பிலிருந்தும் பணம் வர வழியுண்டு. அதற்கு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: தணிக்கையில் நிற்கும் எடைக் கணக்கு.

மிச்சமும் கணக்கும்

எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் மேசையின் முனையில் ஒரு குவியல் எஞ்சும்: நனைந்த துணி, அணையாடை, பல அடுக்கு உறை, காலணித் துண்டு. இதை வாங்குவார் இல்லை. அங்கீகாரம் பெற்ற கிடங்கோ எரியூட்டும் ஆலையோ இதை ஏற்றுக்கொள்வதற்கான உடன்பாட்டைத் தொழில் தொடங்குமுன்பே செய்து, அதற்கான கட்டணத்தைச் செலவுக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். இந்த வரியை மறந்தவர்களின் மிச்சம்தான் இரவில் ஊர் எல்லைகளில் கொட்டப்படுகிறது.

ஒவ்வொரு நாளும் வாயிற்கதவைப் பூட்டுமுன் ஒரே தாளில் கணக்கெழுதுங்கள். காலையில் களத்தில் இருந்த சரக்கும் அன்று உள்ளே வந்த எடையும் ஒருபுறம். விற்றது, கிடங்குக்குப் போனது, ஈரம் உலர்ந்து குறைந்தது, மாலையில் களத்தில் கிடப்பது ஆகியவை மறுபுறம். இரண்டும் ஒரு நாள் பொருந்தாவிட்டால் எடைமேடையைச் சோதியுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து பொருந்தாமல், குறைவது எப்போதும் உலோகமாக இருந்தால் பின்வாசலைப் பாருங்கள். குறைவது மிச்சமாக இருந்தால், கிடங்குக்கு அனுப்பிய வண்டியின் இரசீதை வாங்கிப் பார்த்து, அந்த ஓட்டுநரோடு மறுநாள் நீங்களே ஒரு நடை போய் வாருங்கள்.